அழகான வீடு யாருக்கு?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த பிரசங்கம்)



வீடு, தோட்டம், கைத்தொழில் என்பவைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று இந்த வாசகசாலையார் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர், "சோற்றுக்கே திண்டாடுகிற நமக்குப் பூந்தோட்டத்தைப் பற்றியும் சித்திர வேலைப்பாட்டைப் பற்றியும் ஒரு பிரசங்கமா?" என்று நினைக்கலாம். அப்படி நினைப்பதில் தப்பில்லை. பசித்தவனிடம் ரோஜாப் பூவைக் காட்டுவது அவனைக் கேலி செய்வதேயாகும். ஆனாலும், அழகும் சௌகரியமும் பணக்காரனுக்கே உரியவை, நமக்கு ஒண்டிக்கொள்ள ஒரு குடிசை போதும் என்று நாமே ஒப்புக்கொண்டு விட்டோமானால், நம்மை அடிமையாக வைத்திருக்க வேறு ஆள் வேண்டியதே இல்லை. ஆகவே இந்த விஷயம் நமக்குச் சம்பந்தமில்லாததல்ல என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குகிறேன்.

ஒரு வீட்டைப் பார்த்து, "அழகான வீடு" என்று யாராவது சொன்னால் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அதைக் கட்டியவன் யார்? அதில் குடியிருக்கிறவன் யார்? அதைக் கூட்டிப் பெருக்குகிறவள் யார்? இம்மூன்றையும் கேட்காமல் அழகைப் பற்றிப் பேசுவது, சமைத்தவளுக்கு மிச்சம் இருக்கிறதா என்று கேட்காமல் சமையலைப் புகழ்வது போன்றதாகும்.

இக்கேள்விகளை நான் கற்பனையாகக் கேட்கவில்லை. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நல்ல அறிவாளிகள் பலர், "வீட்டைக் கையால் அழகாகச் செய்வோம், வீட்டைச் சுற்றித் தோட்டம் போடுவோம், அதனால் மனித வாழ்வு உயரும்" என்று ஒரு பெரிய கிளர்ச்சியே நடத்தினார்கள். அவர்கள் எதில் ஜெயித்தார்கள், எதில் தோற்றார்கள் என்று பார்த்தாலே நமக்கு வேண்டிய பாடம் கிடைத்துவிடும்.

சிவப்பு வீடும் பச்சைச் சாயமும்

அக்காலத்து இங்கிலாந்தில் இயந்திரசாலைகள் பெருகி, மலிவான சாமான்கள் மலை மலையாக வந்து குவிந்தன. நாற்காலியின் காலில் சிங்க முகம், விளக்கின் தலையில் கொடி, சுவரெல்லாம் பொம்மை என்று, எதற்கென்றே தெரியாத அலங்காரங்களால் வீடுகள் நிறைந்தன. அவற்றைச் செய்த தொழிலாளியோ, காலையிலிருந்து இரவு வரையில் ஒரே பிடியைச் சுழற்றிக்கொண்டு, தான் எதன் பாகத்தைச் செய்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் உயிர் வாழ்ந்தான்.

இதைக் கண்டு மனம் பொறுக்காதவர்களில் முதன்மையானவர் வில்லியம் மாரிஸ் என்பவர். இவர் 1834-ல் பிறந்து 1896-ல் இறந்தார். கல்யாணமானவுடன், 1859-ல், லண்டனுக்கு வெளியே கெண்ட் ஜில்லாவில் பிலிப் வெப் என்ற சிநேகிதரைக் கொண்டு ஒரு வீடு கட்டினார். பூச்சில்லாத செங்கல் சுவரானதால் அதற்குச் 'சிவப்பு வீடு' என்றே பெயர் வந்தது. உள்ளே வைக்கக் கடையில் தேடினால் மனத்துக்குப் பிடித்த ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை. ஆகவே அவரும் அவர் மனைவியும் சிநேகிதர்களும் சேர்ந்து மேஜை, பெட்டி, திரைச்சீலை, சுவர்ச் சித்திரம் எல்லாவற்றையும் தாங்களே செய்துகொண்டார்கள். இந்தப் பழக்கத்திலிருந்துதான் 1861-ல் ஒரு கம்பெனி ஏற்பட்டது.

அவர் மனைவி ஜேன் என்பவர், குதிரை லாயத்தில் வேலை செய்த ஒரு தொழிலாளியின் மகள். அவருடைய ஊசி வேலையை இன்றும் காட்சிசாலைகளில் வைத்துப் பார்க்கிறார்கள். மாரிசோ பணக்கார வீட்டுப் பிள்ளை. அப்படியிருந்தும் சாயம் தோய்க்கும் வித்தையைக் கற்க வேண்டுமென்று அவுரித் தொட்டியில் கையை விட்டார். கைகள் நீலமாகவே இருக்கும்படி வேலை செய்தார். சாயக்காரனைத் தாழ்ந்தவன் என்று தள்ளி வைத்துவிட்டு, அவன் தோய்த்த பட்டை மாத்திரம் கட்டிக்கொள்ளுகிற கூட்டத்தை நாம் அறிவோம். அதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும்.

நிற்க, இதன் மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாரிசுக்கு இவ்வளவு செய்யப் பணம் எங்கிருந்து வந்தது? டெவன் ஜில்லாவில் இருந்த ஒரு பெரிய செம்புச் சுரங்கத்தில் அவர் குடும்பத்துக்கிருந்த பங்கிலிருந்து வந்தது. செம்பு குறைந்த பிறகு அந்தச் சுரங்கம் பாஷாணம் எடுத்து விற்றது. 1871 முதல் 1875 வரையில் மாரிஸ் அதன் டைரக்டர்களில் ஒருவராகவும் இருந்தார். அவர் கம்பெனி செய்த சுவரில் ஒட்டும் பூக்காகிதத்தின் பழைய மாதிரி ஒன்றைச் சோதித்துப் பார்த்ததில், அதன் பச்சைச் சாயத்திலேயே பாஷாணம் இருந்ததென்று 2003-ல் ஒரு விஞ்ஞானி எழுதியிருக்கிறார். சுவரிலே இலையும் பூவும். அதன் அடியிலே விஷம். அதற்கும் அடியிலே சுரங்கத் தொழிலாளியின் உழைப்பு!

இதைச் சொல்லுவது அவரை இழிவுபடுத்துவதற்காக அல்ல. அவரே தம்முடைய அழகான சாமான்களெல்லாம் பணக்காரர் வீட்டுக்கே போய்ச் சேருகின்றன என்பதைக் கண்டு மனம் நொந்தார். ஏழையின் வாழ்வு மாறாமல் கலையும் மாறாது என்று தெளிந்து 1883-ல் சமதர்மக் கட்சியில் சேர்ந்தார். தெரு முனைகளில் நின்று தொழிலாளரிடம் பேசினார். தாம் செய்வதில் உள்ள குற்றத்தைத் தாமே கண்டு வெளியே வந்தவர் என்பதற்காகவே அவரை மதிக்க வேண்டும்.

கிராமத்துக்குப் போன தொழிலாளர்

மாரிசுக்குப் பின் வந்தவர்களில் ஆஷ்பீ என்பவர் செய்த காரியம் முக்கியமானது. இவர் 1888-ல் லண்டன் கிழக்குப் பகுதியில், ஏழைகள் நெருங்கி வாழும் ஒயிட்சேப்பலில், ஒரு கைத்தொழிற் சங்கமும் பள்ளிக்கூடமும் வைத்தார். தச்சு, வெள்ளி வேலை, கொல்லு வேலை, புத்தகக் கட்டடம் எல்லாம் அங்கே நடந்தன. தள்ளுவண்டி தள்ளிக்கொண்டிருந்த ஒரு பையன் அங்கே வந்து, வெள்ளிச் சாமான்களுக்கு உருவம் செய்கிற வித்தையைக் கற்றுக்கொண்டான். "நீ எந்தக் குலம்? உன் தகப்பன் இந்தத் தொழில் செய்தவனா?" என்று அவனை யாரும் கேட்கவில்லை. வேலை செய்கிறவர்களுக்கே அந்தச் சங்கத்தில் பங்கும் நிர்வாகத்தில் இடமும் உண்டு.

சங்கத்தார் தங்களுக்குள் ஓட்டெடுத்து, 1902-ல் பெண்டு பிள்ளைகளுடன் சுமார் 150 பேர், லண்டனை விட்டு சிப்பிங் கேம்டன் என்ற சிற்றூருக்குக் குடிபோனார்கள். அங்கே ஒரு பழைய பட்டு ஆலையைப் பட்டறையாக்கிக்கொண்டார்கள். வேலை நேரம் போக மற்ற நேரத்தில் தோட்டம் போட்டார்கள், நாடகம் ஆடினார்கள், நீந்துவதற்கு ஒரு குளமும் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். கூலிக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்ட உலகத்துக்கு இது நல்ல பதிலாகும்.

ஆனால் ஐந்தாறு வருஷங்களில் சங்கம் நஷ்டத்தில் விழுந்து, 1908-க்குள் அதை மூட வேண்டியதாய் விட்டது. ஏன்? கையால் ஒரு வாரம் தட்டிச் செய்த வெள்ளிக் கிண்ணத்தைப் போலவே இயந்திரத்தில் அச்சடித்து, கை வேலை போல் சுத்தியல் தழும்பையும் அதன் மேல் போட்டு, மலிவாகக் கடைக்காரர்கள் விற்றார்கள். வாங்குகிறவர்கள் லண்டனில் இருந்தார்கள். செய்கிறவர்கள் தூரத்தில் இருந்தார்கள். வியாபாரம் மந்தமானபோது பட்டணமாயிருந்தால் வேறு பட்டறையில் கூலிக்குப் போகலாம். கிராமத்தில் அதற்கும் வழியில்லை. நல்ல மனம் மாத்திரம் இருந்தால் போதாது, கணக்கும் சரியாயிருக்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

பரம்பரை என்ற பேச்சு

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரும் கதையில் வருகிறார். இலங்கைத் தமிழரான சர் முத்துக்குமாரசாமி என்பவருக்கும் ஓர் ஆங்கில மாதுக்கும் 1877-ல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி என்ற பேரறிஞர், 1907-ல் சிப்பிங் கேம்டனுக்கு அடுத்த ஊரில், ஆஷ்பீ பழுது பார்த்துக் கொடுத்த ஒரு பழைய கட்டடத்தில் குடியேறினார். இலங்கைக் கைத்தொழில்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம், மாரிஸ் வைத்திருந்த அதே கை அச்சுயந்திரத்தில் அச்சிடப்பட்டு 1908-ல் வெளிவந்தது. நம் நாட்டுக் கம்மாளரும் நெசவாளரும் செய்த வேலையின் அருமையை உலகத்துக்கு எடுத்துக்காட்டியதற்காக அவருக்கு நாம் நன்றி செலுத்த வேண்டும்.

ஆனால் அவர், தகப்பன் தொழிலை மகன் செய்கிற பரம்பரை முறையே இந்த அருமைக்கு ஆதாரம் என்று உயர்வாக எழுதினார். இதை மாத்திரம் நம்மால் ஒப்புக்கொள்ள முடியாது. ஏன் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவருடைய முதல் மனைவியாரான எதெல் என்பவர் ஒரு மருந்துக் கடைக்காரரின் மகள். அந்தப் புத்தகத்துக்குப் படங்கள் எடுத்தவர் அவரே. பிற்காலத்தில் அவர் தாமாகவே நூற்கவும், சாயம் தோய்க்கவும், நெய்யவும் கற்றுக்கொண்டு, இங்கிலாந்தின் மிகச் சிறந்த கைந்நெசவாளர் என்று பெயர் பெற்றார். தள்ளுவண்டிப் பையன் வெள்ளி வேலை செய்தான். மருந்துக் கடைக்காரர் மகள் தறியில் உட்கார்ந்தாள். கைத்திறமை ரத்தத்தில் வருவதானால் இவர்களுக்கு எப்படி வந்தது?

என் பாட்டனார் கொத்தனார். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டுக்குத் திண்ணை கட்டினார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசி, கூழாங்கல்லால் பல நாள் தேய்த்து, முகம் தெரியும்படி மெருகேற்றினார். வீட்டுக்காரர் குடிபுகுந்த பிறகு ஒரு நாள் கூலி பாக்கிக்காகப் போனவர், களைப்பினால் அந்தத் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எழுந்திரு" என்றார்கள். எழுந்தார். பிறகு அந்த இடத்தில் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். அவர் இதை எங்களிடம் சொல்லும்போது கோபப்படமாட்டார். "மெருகு கெடாமல் கழுவினார்களோ என்னமோ" என்பார். தோழர்களே! அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. பரம்பரைக் கைத்தொழிலின் பெருமையைப் பேசுகிறவர்கள், அந்தத் தொழிலாளி எங்கே உட்கார்ந்தான் என்பதையும் சேர்த்து எழுத வேண்டாமா?

தோட்டமும் தோட்டக்காரனும்

இனித் தோட்டத்துக்கு வருவோம். அக்காலத்து ஆங்கிலப் பணக்காரர்களின் தோட்டம், கண்ணாடிக் கூண்டில் வளர்த்த வெளிதேசத்துச் செடிகளைக் கொண்டுவந்து வட்டமாகவும் சதுரமாகவும் நட்டு, பருவம் முடிந்ததும் பிடுங்கி எறிவதாயிருந்தது. இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் கெர்ட்ரூட் ஜீக்கில் என்ற மாது (1843 - 1932). சித்திரம் எழுதியும் ஊசி வேலை செய்தும் வந்த இவருக்குக் கண் பார்வை மிகவும் மங்கியது. அதற்காக அவர் மூலையில் உட்காராமல், வர்ணத்தைச் சீலையில் தீட்டுவதற்குப் பதிலாக மண்ணிலே தீட்டப் புறப்பட்டார். சுமார் 400 தோட்டங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். எந்தப் பூ எந்த மாதத்தில் பூக்கும், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நின்றால் கண்ணுக்கு இதமாயிருக்கும் என்று கணக்கிட்டு நட்டார்.

இந்த வித்தையை அவர் எங்கே கற்றார்? சர்ரே ஜில்லாவின் குடியானவர்கள் தங்கள் குடிசை வாசலில் முட்டைக்கோசுக்குப் பக்கத்தில் வளர்த்து வந்த பழைய பூச்செடிகளிடம் கற்றார். அதை அவர் மறைக்கவுமில்லை. அந்த வட்டாரத்துக் குடியானவர்களின் வாழ்வையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் பற்றித் தாமே எடுத்த படங்களுடன் 1904-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1920-ல் அவருடைய படத்தை எழுத வந்த வில்லியம் நிக்கல்சன் என்ற சித்திரக்காரர், தோட்டத்தில் போட்டுத் தேய்ந்த அவருடைய பழைய பூட்சையும் தனியாக ஒரு படம் எழுதினார். உழைத்துத் தேய்ந்த செருப்புக்கும் படம் எழுதத்தக்க யோக்கியதை உண்டு என்று கண்டார்களே, அது ஒரு நல்ல அறிவாகும்.

ஆனால் அவர் தோட்டம் 15 ஏக்கர். கூலிக்குத் தோட்டக்காரர்கள் இல்லாமல் அது நடக்காது. அவர் வீட்டைக் கட்டிக் கொடுத்த எட்வின் லட்யன்ஸ் என்ற இளைஞர், நாட்டுக் கல்லையும் நாட்டு மரத்தையும் கொண்டு எளிமையான வீடுகள் கட்டிப் பெயர் எடுத்தவர். அவரே பின்னர் டில்லிக்கு வந்து, வைசிராய் ஒருவருக்காக 340 அறைகள் கொண்ட மாளிகையைக் கட்டினார். 1931-ல் புது டில்லி திறந்து வைக்கப்பட்டது. எளிமை என்பது பணக்காரனுக்கு ஒரு ருசியாக மாத்திரம் இருந்தால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

பங்களா என்ற சொல்

அமெரிக்காவில் குஸ்தாவ் ஸ்டிக்லி என்பவர், கொத்து வேலை கற்ற கொத்தனார் மகன், 1901 முதல் 1916 வரை கைத்தொழிலாளன் என்று பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகை நடத்தினார். வீட்டின் வரைபடங்களை அதில் வெளியிட்டு, சந்தாதாரர்களுக்கு இலவசமாகவும் கொடுத்தார். சாதாரண மனிதன் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். அந்தச் சிறு வீட்டுக்கு அங்கே வழங்கிய பெயர் 'பங்களா'. இது நம் வங்காளத்துக் குடிசையின் பெயர். வங்காளத்தில் குடிசை, அமெரிக்காவில் சம்பளக்காரனுடைய சிறு வீடு, நம்மிடம் வந்தபோது மாத்திரம் பங்களா என்றால் பணக்காரன் மாளிகை!

ஸ்டிக்லி இயந்திரத்தை வெறுக்கவில்லை. மரம் அறுப்பதும் இழைப்பதும் இயந்திரம் செய்யட்டும் என்றார். 1901-ல் சிகாகோவில் ஏழைகளுக்காக நடந்த ஒரு சேவை நிலையத்தில் பிராங்க் லாயிட் ரைட் என்ற கட்டட நிபுணரும், இயந்திரத்தைச் சரியாக உபயோகித்தால் அது அழகை எல்லாருக்கும் மலிவாக்கும் என்று பேசினார். நமக்கும் இதுவே சரியென்று தோன்றுகிறது. 1908 முதல் 1940 வரை ஒரு கம்பெனி, வீட்டுக்கு வேண்டிய மரம், கதவு, ஆணி முதலியவைகளை ரயிலில் அனுப்பி, சுமார் 70,000 வீடுகளைத் தபால் மூலம் விற்றது. ஸ்டிக்லி 1915-ல் கடனில் முழுகினாலும் அவர் எண்ணம் முழுகவில்லை.

இங்கும் நம் இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டும். யார் குடியிருந்தார்கள்? அழகான மரங்கள் நிறைந்த அத்தகைய தெருக்கள் பலவற்றில், "இந்த மனையைக் கறுப்பு நிறத்தாருக்கு விற்கக் கூடாது" என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். 1948-ல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைக் கோர்ட்டுகள் நிறைவேற்றிக் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. 1968-ல்தான் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிற பேதம் காட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் நடுவே நம் ஊரில் பத்திரம் எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வழக்கமே பத்திரமாக இருந்தது.

கூட்டிப் பெருக்குகிறவள்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். 1901-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு வேலைக்காரிகளாக இருந்த பெண்கள் சுமார் 13 லட்சம் பேர். வெயிலறை, படிப்பறை, இசையறை என்று அழகாகக் கட்டினார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு கணப்பு. அதற்கு நிலக்கரி தூக்கிக்கொண்டு மாடி ஏறினவள் யார்? சித்திரம் செதுக்கிய பெட்டியின் ஒவ்வொரு இடுக்கிலும் தூசி தட்டினவள் யார்? ஆண்பிள்ளை கைத்தொழிலின் பெருமையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கைகளைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

வேலைக்காரிக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். மாரிசின் மகள் மே என்பவர் 23-வது வயதில், 1885-ல், தகப்பனார் கம்பெனியின் ஊசி வேலைப் பகுதி முழுவதையும் ஏற்று நடத்தினார். அவர் போட்ட சில சித்திரங்களைத் தகப்பனாருடையவை என்றே உலகம் வெகுகாலம் சொல்லி வந்தது. கலைத் தொழிலாளர் சங்கம் என்று 1884-ல் லண்டனில் ஏற்பட்ட பெரிய சங்கம் பெண்களைச் சேர்க்கவில்லை, 1960-களில்தான் சேர்த்தது. ஆகவே மே 1907-ல் பெண்களுக்கென்றே தனிச் சங்கம் ஏற்படுத்த வேண்டியிருந்தது. கையின் பெருமையைப் பேசினவர்களுக்கே, பெண்ணின் கை என்றால் அது கையாகத் தோன்றவில்லை!

இதற்கும் பரிகாரம் தேடியவர்கள் இருந்தார்கள். லெட்ச்வொர்த் என்ற புதிய ஊரில் 1910-க்குள் ஒரு கூட்டு வீடு கட்டினார்கள். தனித்தனிக் குடும்பத்துக்குத் தனித்தனி ஜாகை. ஆனால் சமையல் எல்லாருக்கும் ஒரே இடத்தில். அந்த ஊரை ஏற்படுத்திய எபனேசர் ஹோவர்டே அதில் குடியிருந்தார். ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வோர் அடுப்புக்கு முன்னால் ஆயுள் முழுவதும் நிற்க வேண்டியது இயற்கை விதியல்ல என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

தோட்ட நகரம்

ஹோவர்ட் பணக்காரரல்ல; சுருக்கெழுத்து எழுதிப் பிழைத்தவர். பட்டணத்தின் வேலையும் கிராமத்தின் காற்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி புது ஊர்கள் ஏற்படுத்தலாம் என்று 1898-ல் புத்தகம் எழுதினார். 1903-ல் லெட்ச்வொர்த் தொடங்கிற்று. அதில் முக்கியமான கருத்து பூஞ்செடியல்ல. நிலம் ஊருக்குப் பொது, நிலத்தின் மதிப்பு ஏறினால் அந்த லாபமும் ஊருக்கே போக வேண்டும் என்பதுதான் முக்கியம். 1905-ல் 150 பவுனுக்குள் கட்டக்கூடிய சிறு வீடுகளுக்கு அங்கே ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் வந்து பார்த்தார்கள். அப்படியும் கீழ்மட்டக் கூலிக்காரனுக்கு அந்த வாடகையும் எட்டவில்லை.

ஆகவே தர்மவான்களால் மாத்திரம் முடியாது, சர்க்காரே செய்ய வேண்டும் என்று தெரிந்தது. 1908-ல் ஒரு சட்டம், ஜனங்கள் கேட்டால் ஊர்ச் சபையார் தோட்டம் போட நிலம் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. அந்தத் துண்டின் வழக்கமான அளவு நம் கணக்கில் ஆறேகால் சென்ட். 1918-ல் ஒரு கமிட்டி, பட்டணத்தில் ஏக்கருக்கு 12 வீடுகளுக்கு மேல் கூடாது, வெளிச்சமும் தோட்டமும் வேண்டும் என்றது. லெட்ச்வொர்த்துக்கு வரைபடம் போட்ட ரேமண்ட் அன்வின் அதில் ஓர் அங்கத்தினர். 1919-ல் ஊர்ச் சபைகள் தொழிலாளிக்கு வீடு கட்டச் சர்க்கார் பணம் கொடுக்கும் சட்டம் வந்தது. ஐந்து லட்சம் வீடுகள் கட்டுவதாகச் சொன்னார்கள். 1921-ல் செலவு என்று நிறுத்தினார்கள். பாதிகூடக் கட்டி முடியவில்லை. ஆனாலும் மாரிசின் திரைச்சீலை புகாத ஏழை வீட்டுக்குள், அந்தச் சட்டத்தினால் ஜன்னலும் வெளிச்சமும் புகுந்தன.

இந்தக் காற்று நம் பக்கமும் வீசிற்று. 1920-ல் சென்னை நகர அமைப்புச் சட்டம் வந்தது. ஜஸ்டிஸ் கட்சி மந்திரி சபைக் காலத்தில், 1923 முதல், மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரி நிலத்தில் தியாகராய நகரை அமைத்தார்கள். நடுவில் பனகல் பூங்கா, அதைச் சுற்றித் தெருக்கள் என்ற அமைப்பு இந்தத் தோட்ட நகரத்தின் சாயலே. ஆனால் அங்கே மனை வாங்கினவர்கள் உத்தியோகஸ்தரும் வசதியுள்ளவருமே. அந்த வீடுகளுக்குக் கல் சுமந்தவர்களுக்கு எந்தப் பூங்காவின் ஓரத்தில் மனை கிடைத்தது? இன்று அது துணிக்கடை, நகைக்கடைகளின் நெருக்கடியாய்விட்டது.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! கட்டியவனுக்குக் குடியிருக்க யோக்கியதை இல்லாத அழகும், பெருக்குகிறவளுக்கு உட்கார இடமில்லாத அழகும் முழு அழகாகாது என்பதே இவ்வளவு நேரம் நான் சொல்லி வந்ததன் சாரம்.

இதற்காக நாளைக்கே லட்ச ரூபாய் வேண்டியதில்லை. வீடு கட்டுகிறவர்கள் வாசலில் திருஷ்டி பொம்மைக்கும், வாஸ்து சொல்லுகிறவனுக்கும், சடங்குக்கும் செலவிடுகிற பணத்தில் சமையலறைக்கு ஒரு ஜன்னலும் புகை போக ஒரு வழியும் வையுங்கள். நம் பெண்களின் கண்ணும் நெஞ்சும் அங்கேதான் கெடுகின்றன. குளித்த தண்ணீர் தெருவில் ஓடிக் கொசு வளர்க்க வேண்டாம்; அது இரண்டு வாழைக்கும் ஒரு முருங்கைக்கும் போகட்டும். பக்கத்திலே பூச்செடியும் இருக்கட்டும். அதன் பூ சாமிக்குத்தான் என்றில்லாமல் நம் கண்ணுக்கும் இருக்கட்டும். தச்சனுக்கும் கொத்தனாருக்கும் கூலியைக் குறைக்காதீர்கள். வேலை முடிந்த அன்றைக்கு அவர்களை உள்ளே அழைத்து, அவர்கள் செய்த நாற்காலியிலேயே உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். ஆண்பிள்ளைகள் விளக்குமாற்றைத் தொட்டால் ஆண்மை குறைந்து போகாது. ஊர்ப் பொது நிலத்தையும் ஏரிக்கரையையும் பெரிய மனிதர்கள் வளைத்துக்கொள்ளாமல், எல்லாத் தெருக்காரர்களும் வந்து உட்காரும் தோப்பாக்க வேண்டுமென்று ஊராட்சியைக் கேளுங்கள்.

என் பாட்டனார் கட்டிய அந்தத் திண்ணை இப்போது இல்லை, வீட்டையே இடித்துவிட்டார்கள். அவர் எங்களுக்காகக் கட்டிய சிறு வீட்டின் திண்ணை மாத்திரம் இன்றும் இருக்கிறது. அதற்கு முட்டை வெள்ளைக்கருவும் இல்லை, மெருகும் இல்லை. ஆனால் தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் அதில் உட்காரலாம். எனக்குத் தெரிந்த வரையில் அதுதான் அழகான வீடு.

நான் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டுமென்று நான் சொல்லவரவில்லை. உங்கள் அறிவைக்கொண்டு யோசித்துப் பாருங்கள், சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.